துரையின் பெயரை யார் அழிப்பது?

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பழைய அலுவலகத்துப் பக்கம் அடிக்கடி போகக்கூடாது என்பது என் கட்சி. போனால் நாற்காலி போடுவார்கள், தேநீர் கொடுப்பார்கள், அதற்குப் பிறகு நம்மை என்ன செய்வதென்று தெரியாமல் முழிப்பார்கள். போன மாதம் ஒரு கையெழுத்துக்காகப் போகவேண்டி வந்தது. பதுளையில் நான் இருந்த அதே மேசையில் இப்போது நிரோஷா என்றொரு கெட்டிக்காரப் பெண் இருக்கிறாள். கைத்தொலைபேசியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள், அது அவளைப் பார்த்தது, மெயில் திறந்துகொண்டது. பேரும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை.

"மிஸ், உங்க காலத்துல மெயில் பாக்க ஒவ்வொரு தடவையும் பேரை முழுசா அடிக்கணுமாமே, மெய்யா?" என்று கேட்டாள். கேட்ட விதத்தில் நாங்கள் கல்லில் உளி வைத்து எழுதியவர்கள் என்ற எண்ணம் தெரிந்தது.

"அடிக்கவேண்டாம்னு நாங்களே பேரைப் போட்டுக் குடுத்தோம் பிள்ள. அதுலதான் ஒரு பொண்ணோட வேலையே போகப் பாத்துச்சு" என்றேன். தேநீர் ஆறும்வரை சொன்னேன். "இத எழுதி வைங்க மிஸ்" என்றாள். அவள் சொன்னாள் என்பதற்காக இல்லை, எனக்கே சொல்ல ஆசை, அதனால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் ஒரு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீட்டில். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில், எங்கள் பேச்சில் ஸ்டோரில், வேலை. பதுளையில் படித்தேன், டைப்ரைட்டிங் பழகினேன், தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கடைக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனேன். அங்கே மெஷின் கொஞ்சம், பிள்ளைகள் நிறைய. ஆகவே பாதி நாள் அடுத்தவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துத்தான் படித்தேன். பிறகு தோட்டங்களை நடத்தும் ஒரு கம்பனியின் பதுளை அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர் வந்தபோது அதற்குக் குளிரூட்டிய தனி அறை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மற்ற எல்லாரும் அதைத் தொடப் பயந்தார்கள். நான் பயப்படவில்லை. என் பதவி உயர்வுக்கு வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியாது.

என் மேலதிகாரி பரமநாதன் சேர். யாழ்ப்பாணத்துக்காரர், இளவயதில் பதுளைக்கு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். மெலிந்த மனிதர், சத்தம் போடவே மாட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. ஒரு வேலையை முடித்துவிட்டுப் போய், "வேலை செய்யுது சேர்" என்றால், கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "ஆருக்கு?" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்குப் பதில் தேட எனக்குச் சில சமயம் ஒரு வாரம் போகும். பிறகு தானே வந்து உட்கார்ந்து பார்ப்பார். அப்போது மனிதர் அடியோடு மாறிவிடுவார். ஒன்றுமே எழுதாமல் பொத்தானை அழுத்துவார். ஒன்றுக்கு இரண்டுதரம் அழுத்துவார். பேரின் நடுவில் இடைவெளி விடுவார். பாதியில் டெலிபோன் வயரைப் பிடுங்குவார். குழப்படிக்காரப் பிள்ளைகள் என்னென்ன செய்யுமோ அத்தனையும் முகத்தில் சிரிப்பே இல்லாமல் செய்வார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். ஆனால் அவர் கையில் தேறிய வேலை பிறகு எங்கேயும் உடைந்ததில்லை, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைத்தான் சொல்ல வருகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்பனிக்கு ஒரு போர்ட்டல் வந்தது. காலையில் தோட்டத்து அலுவலகத்தில் அதைத் திறந்து பேரும் பாஸ்வேர்டும் கொடுத்தால், தேயிலை ஏல விலை, சுற்றறிக்கை, மற்றத் தோட்டங்களின் மழை அளவு எல்லாம் ஒரே பக்கத்தில் தெரியும். ஓரத்தில் 'மெயில்' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் மெயில் பக்கம் வரும். ஆனால் மெயில் வேறு இடத்தில் வாங்கிய வேறு மென்பொருள். அதற்குப் போர்ட்டலைத் தெரியாது. ஆகவே "நீ யார்?" என்று முதலிலிருந்து கேட்கும். மறுபடி பேர், மறுபடி பாஸ்வேர்டு.

துரைமாருக்கு இது பொறுக்கவில்லை. தோட்டத்தை நடத்தும் மனேஜரைத்தான் எங்கள் பக்கத்தில் துரை என்பது. வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலம். நாற்காலிக்கு வந்தவர்களுக்கெல்லாம் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. மாதக் கூட்டத்தில் ஒருவர் எழும்பி, காலையில்தான் என் பேரைச் சொன்னேன், பத்து நிமிடத்தில் இந்த மெஷினுக்கு மறந்துவிட்டதா என்று கேட்டார். மற்றவர்கள் மேசையைத் தட்டினார்கள். இரண்டுதரம் கேட்கவே கூடாது, ஒருதரம் திறந்தால் எல்லாம் திறக்கவேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

பரமநாதன் சேர் அதற்கு மட்டும் இறங்கவில்லை. என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பிள்ளை, பேரைக் கொண்டுபோய்க் குடுக்கலாம். பாஸ்வேர்டைக் கொண்டுபோகேலாது. பேர் எண்டது ரோட்டில கூப்பிடுறதுக்கு. மற்றது வாய்க்குள்ள கிடக்கவேணும்."

அப்படித்தான் அந்த வேலை எனக்கு வந்தது. செய்முறை சின்னதுதான். மெயில் பொத்தானை அழுத்தியதும் போர்ட்டல், தான் வரவேற்றவரின் பேரை மெயில் பக்கத்து முகவரியின் வாலில் ஒட்டி அனுப்பும். மெயில் பக்கம் அந்த வாலைப் படித்து, பேரை எடுத்து, பேருக்கான பெட்டியில் தானே எழுதிவிடும். கர்சரைக் கீழே பாஸ்வேர்டுப் பெட்டியில் கொண்டுபோய் நிறுத்தும். துரை பாஸ்வேர்டை மட்டும் தட்டினால் போதும். முகவரியில் யாராவது கண்டதையும் எழுதினால் பெட்டிக்குள் வந்துவிடக்கூடாது என்று சேர் சொன்னார். எழுத்தும் இலக்கமும் புள்ளியும் தவிர மற்றதை எல்லாம் வடிகட்டினேன். பெட்டியில் ஏற்கெனவே பேர் இருந்தால் அதன்மேல் எழுதக்கூடாது என்றார், அதையும் செய்தேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். போர்ட்டலில் யாருமே நுழையாமல் யாராவது நேரே மெயிலைத் திறந்தால், கொண்டுபோகப் பேர் இல்லை. அப்போது மெஷின், ஒன்றும் தரப்படவில்லை என்பதைத் தன் பாஷையில் 'அன்டிஃபைன்ட்' என்று பெட்டியில் எழுதிவிட்டது. அடுத்த நாளே ஒரு தோட்டத்துக் கிளாக்கர் டெலிபோன் எடுத்தார். "மிஸ், இங்க அன்டிஃபைன்ட்னு ஒரு பேரு நிக்குதுங்க. யாருங்க அவரு, புதுசா வர்ற சின்ன தொரையா? பங்களாவ கழுவி வைக்கச் சொல்லவா?" என்றார். பரமநாதன் சேர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பேர் இல்லாட்டில் வெறும் பெட்டி. அதைத் திருத்தும்" என்றார். திருத்தினேன். துரைமார் சந்தோஷப்பட்டார்கள். நானும் கொஞ்ச நாள் தலை நிமிர்ந்து நடந்தேன்.

அதற்குப் பிறகு வந்தது மடுல்சீமை.

மடுல்சீமைப் பக்கத்தில் எங்கள் தோட்டம் ஒன்றின் அலுவலகத்தில் செல்வமலர் என்ற பெண்ணைச் சின்னக் கிளாக்கராக எடுத்திருந்தார்கள். அதே தோட்டத்து லயத்துப் பிள்ளை. அப்பா மாரிமுத்து கவ்வாத்து வெட்டுபவர், அதாவது தேயிலைச் செடியைக் கத்தியால் கழித்துவிடுகிறவர். அந்த அலுவலகத்தில் மேசை போட்டு உட்கார்ந்த முதல் லயத்துப் பெண் அவள்தான். ஒவ்வொரு நாளும் கொழுந்து நிறையையும் மழை அளவையும் மெயிலில் எங்களுக்கு அனுப்புவது அவள் வேலை. அனுப்புவது சில நாள் வரும், பல நாள் வராது. வராத நாளில் டெலிபோனில் கத்திச் சொல்வாள்.

திடீரென்று கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம். அந்தத் தோட்டத்துத் துரையின் மெயில் அடிக்கடி பூட்டிக்கொள்கிறது. மூன்றுதரம் பிழையான பாஸ்வேர்டு கொடுத்தால் பூட்டிக்கொள்வது விதி. யாரோ அவர் மெயிலை உடைத்துப் பார்க்க முயல்கிறார்கள். பூட்டும் நேரமெல்லாம் மெஷினுக்கு முன்னால் இருந்தது செல்வமலர். அவளைக் கம்ப்யூட்டர் பக்கம் வரவேண்டாம் என்று துரை நிறுத்திவிட்டார். பதுளையிலிருந்து ஒரு வார்த்தை 'ஆம், அவள்தான்' என்று எழுதினால் வேலையும் போய்விடும்.

எங்களிடம் இருந்த பதிவுகளும் அதைத்தான் சொல்லின. அதே மெஷின், துரையின் பேர், பிழையான பாஸ்வேர்டு, மறுபடி, மறுபடி. நான் எழுதிக்கொடுக்கத் தயாராகத்தான் இருந்தேன். சேர் பதிவைப் பென்சிலால் தட்டிக்கொண்டே இருந்தார்.

"களவெடுக்க வாறவன் பட்டப்பகலில, எல்லாரும் பாத்துக்கொண்டிருக்க, நாள்தோறும் ஒரே மாதிரிப் பிழைவிடுவானோ? நீர் ஒருக்காப் போய்ப் பாரும். விசாரிக்கவேண்டாம். அந்தப் பிள்ளையைச் செய்யச்சொல்லி, பக்கத்தில நிண்டு பாரும்."

பசறையில் பஸ் மாறி மடுல்சீமைக்குப் போவதென்றால் அந்தக் காலத்தில் முதுகெலும்பை வீட்டில் வைத்துவிட்டுப் போவது நல்லது. மழையும் பனிமூட்டமுமாக இருந்தது. தோட்டத்து அலுவலகத்தில் பெரிய கிளாக்கர் வேலாயுதம் ஐயா வரவேற்றார். நல்ல மனிதர், கொஞ்சம் பயந்த சுபாவம். துரை வேலை பார்க்க மலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி, பால் விடாத சாயத்தண்ணி வரவழைத்துக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி நடந்ததைச் சொன்னார்.

"பெரட்டுல வச்சு சொல்லிட்டாருங்க மிஸ். அத்தன ஆளும் நிக்கிறாங்க. மாரிமுத்து, ஒம் மக என் கடுதாசிய ஒடைச்சு வாசிக்கிறா, லயத்துப் புத்தி போகலன்னுட்டாரு."

பெரட்டு என்பது காலையில் தொழிலாளர்கள் எல்லாரும் கூடி, யாருக்கு எந்த மலையில் வேலை என்று கேட்டுக்கொண்டு போகும் இடம். ஒரு தோட்டத்தில் அங்கே சொன்னது எல்லா லயத்துக்கும் சொன்னது. எனக்கு நெஞ்சு எரிந்தது. நானும் லயத்தில் பிறந்தவள்தானே.

செல்வமலரைப் பின்னால் இருந்த சாமான் அறையில் வெறும் சாக்குகளை மடித்து அடுக்க விட்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் எழும்பி நின்றாள். அழுது முடித்த முகம்.

"நான் தொர கடுதாசியப் பாக்கவே இல்லீங்க மிஸ். என் வேலையத்தான் அனுப்பப் பாத்தேன். அப்பா மூணு நாளா எங்கூட ஒரு வார்த்த பேசலீங்க" என்றாள்.

துரை வந்தார். சிங்களவர், உயரமானவர், தோட்டத்துத் தமிழ் தடையில்லாமல் வரும். நான் விஷயத்தைச் சொன்னதும், "நல்லது. என் முன்னுக்கே செய்யச் சொல்லு" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காலையில் அவர் ஏல விலை பார்க்கத் திறந்த போர்ட்டல் அப்படியே திறந்து கிடந்தது. ஒவ்வொரு நாளும் அப்படித்தானாம். அலுவலகத்துக்கு இருந்தது அந்த ஒரு மெஷின்தான். துரை பார்த்துவிட்டு அப்படியே எழும்பி மலைக்குப் போய்விடுவார், பிறகு கிளாக்கர்மார் அதில் வேலை பார்ப்பார்கள்.

செல்வமலர் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே மெயில் பொத்தானை அழுத்தினாள். பக்கம் வந்தது. பெட்டியில் என் கைவேலைப்படி துரையின் பேர் அழகாக வந்து உட்கார்ந்தது. கீழே பாஸ்வேர்டுப் பெட்டியில் கர்சர் மின்னியது. அவள் பாஸ்வேர்டை அடித்தாள். பிழை. மறுபடி, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தாள். பிழை. மூன்றாவதற்குள் அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

"யாரு பாஸ்வேர்டு இது?"

"என்னதுதாங்க மிஸ். நீங்க எனக்குக் குடுத்தது."

"மேல இருக்கிறது தொர பேரு. அத அழிச்சிட்டு ஒம் பேரப் போடணும். ஏன் அழிக்கல?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சாமிப் படத்தைக் கழற்றிக் கீழே வைக்கச் சொன்னால்கூட அவ்வளவு திகைத்திருக்கமாட்டாள்.

"தொர பேரையா?"

பிறகுதான் மெதுவாக விஷயம் வெளியே வந்தது. தோட்டத்து அலுவலகத்திலிருந்து எந்தக் கடிதம் போனாலும் அது துரையின் பேரில்தான் போகும். கிளாக்கர் அடிப்பார், பேர் துரையுடையது, அடியில் கிளாக்கரின் சின்ன அடையாளம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அதுதான் முறை. செல்வமலர் வேலைக்கு வந்து முதலில் பழகியதே அதுதான். ஆகவே மெயிலிலும் மேல் பெட்டி துரைக்கு, கீழ்ப் பெட்டி தனக்கு என்று எடுத்துக்கொண்டாள்.

"ஐயா லீவுல போனா மேல வெறும் பெட்டியா வரும். அப்ப என் பேரப் போடுவேன், அப்ப தொறக்கும். ஐயா இருக்கப்ப அவரு பேருதானே மேல இருக்கணும். நான் பாஸ்வேர்டதான் தப்பா அடிக்கிறேன்னு நெனச்சேன்" என்றாள்.

துரை நம்பவில்லை. "பேரை அழிக்கத் தெரியாதாம்! என்னா கதை இது?" என்றார்.

"ஐயா, அப்ப கிளாக்கர் ஐயாவும் செஞ்சு பாக்கட்டுமே" என்றேன். வேலாயுதம் ஐயாவுக்கும் தனி மெயில் இருந்தது. ஆனால் அவர் செல்வமலரிடம் சொல்லித்தான் பார்ப்பார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். துரையின் மெயில் மறுபடி பூட்டிக்கொள்ளாமலிருக்க, நான் பக்கத்தை மூடி மறுபடி திறந்து, அவரை அடிக்க விடாமல் பார்க்க மட்டும் சொன்னேன். பெட்டியில் துரையின் பேர் வந்தது. அவர் விரல் நேரே கீழ்ப் பெட்டிக்குத்தான் போனது.

"வேலாயுதம், பேரை அழி" என்றார் துரை.

வேலாயுதம் ஐயா அழிக்கும் பொத்தானுக்கு மேல் விரலைக் கொண்டுபோனார். விரல் அங்கேயே நின்றது. துரையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி துரையைப் பார்த்தார்.

"ஐயா கோவிச்சுக்காதீங்க, நீங்களே ஒரு தட்டு தட்டிடுங்களேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. துரைக்கும் சிரிப்பு வரப் பார்த்தது, பிறகு அது எங்கேயோ போய்விட்டது. திரையையே பார்த்தார். தன் முன்னால் நிற்பவர்கள் திரையில் இருக்கும் தன் பேரைக்கூடத் தொடப் பயப்படுகிறார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். குனிந்து, பொத்தானை அழுத்திப் பிடித்தார். அவர் பேர் பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் போனது. செல்வமலர் தன் பேரை எழுதி, தன் பாஸ்வேர்டை அடித்தாள். திறந்தது. உள்ளே வாசிக்காத கடிதங்கள் குவிந்து கிடந்தன. எல்லாம் நான் அனுப்பியவைதான்: ஏன் மழை அளவு வரவில்லை, ஏன் மழை அளவு வரவில்லை.

அங்கிருந்தே பரமநாதன் சேருக்கு டெலிபோன் எடுத்தேன். முழுவதையும் கேட்டார். "நான் எத்தினையோ விதமாப் பிழைவிட்டுப் பாத்தனான் பிள்ளை. மரியாதையால பிழைவிட்டுப் பாக்கேல்லை" என்றார். பிறகு, "இப்பவே எடுத்துவிடுறன். எல்லாருக்கும் வெறும் பெட்டி" என்றார். துரைமார் சத்தம் போடுவார்களே என்றேன். "போடட்டும். விரல் இருக்குத்தானே" என்று வைத்துவிட்டார்.

துரை தொப்பியை எடுத்துக்கொண்டார். "சரி. பெரச்சின முடிஞ்சது. கொழும்புக்கு நான் சொல்றேன். நீ நாளைக்கு உன் வேலைய பாரு" என்று செல்வமலரிடம் சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார்.

"ஐயா."

அவள்தான் கூப்பிட்டாள். குரல் நேராக வந்தது.

"பெரட்டுல எல்லாரு முன்னுக்கும் சொன்னீங்க. இல்லன்னும் பெரட்டுல சொல்லுங்க ஐயா. இல்லாட்டி எனக்கு இந்த வேலை வேணாம்."

வேலாயுதம் ஐயா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். துரை திரும்பி அவளைப் பார்த்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"கெடச்ச வேலைய வாயால கெடுத்துட்டியே பிள்ள!" என்று வேலாயுதம் ஐயா தலையில் கைவைத்துக்கொண்டார். எனக்கும் பயம்தான். ஆனால் அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. பஸ்ஸும் போய்விட்டது. வேலாயுதம் ஐயாவின் குவாட்டர்ஸில் தங்கினேன்.

காலையில் பெரட்டுக்குப் போனேன். பனி முழுதாக விலகவில்லை. ஆண்கள் ஒரு பக்கம் கத்தியோடும் மண்வெட்டியோடும், பெண்கள் ஒரு பக்கம் கூடையோடும் நின்றார்கள். நான் பெண்களோடு போய் நின்றேன். மாரிமுத்து ஆண்களின் கடைசி வரிசையில் தலையைக் குனிந்தபடி நின்றார். செல்வமலர் அலுவலகப் படியில் நின்றாள், உள்ளே போகவில்லை. துரை வந்தார். கொழுந்துக்கு எந்த மலை, கவ்வாத்துக்கு எந்த மலை, தண்ணீர் ஓடும் கான் வெட்ட யார் யார் என்று வழக்கம்போல எல்லாம் சொன்னார். சொல்லி முடித்துத் திரும்பினார்.

இரண்டடி வைத்தவர் நின்றார். திரும்பி வந்தார்.

"இன்னும் ஒண்ணு. மாரிமுத்து மக என் கடுதாசி ஒண்ணும் பாக்கல. அவ பேர்ல குத்தம் இல்ல. அன்னைக்கு நான் சொன்னது பிழை."

செல்வமலர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசி வரிசையில் மாரிமுத்து தலையை நிமிர்த்தினார்.

"ஐயா, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றார். "பொம்பளைங்க பக்கம் கேக்கலயாம்."

நான் அந்தப் பெண்களுக்கு நடுவில்தான் நின்றேன். எங்கள் ஒவ்வொருவருக்கும் முதல் தடவையே நன்றாகக் கேட்டிருந்தது. ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. துரை எங்கள் பக்கம் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார், முதலிலிருந்து இன்னொரு முறை சொன்னார்.